அரிசிக்கு எழுதிய பெயர்

எஸ்தோனியா என்றொரு நாடு இருப்பது சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியில் முபீனுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் அவனுக்கு மாதச் சம்பளம் வந்தது, மரியாதை வரவில்லை. "அங்க ஒருத்தரும் கந்தோர் வாசல்ல நிக்கிறல்லயாம். ஊட்டுல இருந்தே எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல முடிச்சிருவாங்களாம்" என்று ஒருநாள் தேநீர்க்கடையில் சொல்லிப்பார்த்தான். மீன் ஏலம் கூறும் றவூப் காக்கா பிளேன்டீயை ஊதியபடி கேட்டார்: "அப்ப அந்த ஊருல மனிசன் மனிசனோட எங்க வெச்சிச் சண்ட புடிக்கிற?" அந்தக் கேள்வி முபீனின் ஆய்வுப் படிவத்தில் இல்லை.

ஆய்வு இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் தொடங்கியது. அரசாங்கக் கந்தோர்களையெல்லாம் கணினிக்கு மாற்றப்போகிறார்கள். மாற்றும் முன் மற்ற நாடுகள் எப்படி மாற்றின, நம்முடைய ஊர்களில் கையால் எழுதிய பதிவுகள் கணினிக்குள் போனபோது என்ன ஆனது என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். கொழும்பில் ஓர் ஆய்வு நிறுவனம் இந்த வேலையை எடுத்திருந்தது. நாடுகளை நிறுவனத்து மேடம் ஒப்பிட்டார். ஊர்களை ஒப்பிட இரண்டு பேர்: முஸ்லிம் ஊருக்குச் சாய்ந்தமருது முபீன், தமிழ் ஊருக்குக் காரைதீவு தர்சினி. பட்டம் வாங்கி ஆறு வருடம் வேலையில்லாமல் இருந்தவனுக்கு உலகத்தில் எந்த நாட்டோடும் எந்த ஊரையும் ஒப்பிட ஆட்சேபணை கிடையாது. இந்த ஆய்வு ஒழுங்காக முடிந்தால் நிரந்தரமாக்குவதாக மேடம் சொல்லியிருந்தார். ஆய்வுதான் முடியவில்லை. முடியப்போகிற நேரத்தில் மேடம் இன்னொரு நாட்டைச் சேர்ப்பார். எஸ்தோனியாவுக்குப் பிறகு கொரியா வந்தது. கொரியாவுக்குப் பிறகு டென்மார்க் வந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது பெப்ரவரியில் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. மேற்கே வயலை மண்போட்டு நிரப்பிக் கட்டிய வீட்டுத் திட்டத்தில் இலக்கம் முப்பத்தொன்பது அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கடலோரத்தில் முபீனின் மாமியார் ஹவ்வா உம்மாவின் வீடு நின்ற இடத்தில் இப்போது கிணற்றுக்கட்டு மட்டும்தான் இருக்கிறது. அந்த வீட்டுக்குப் பதில் வீடு. நாலு வருடம் காத்திருந்த கடிதம். மனைவி றுமைஸா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள். முபீன் முதலில் தனக்குள் வாசித்தான். பிறகு சத்தமாக வாசிக்காமல் மடித்தான்.

"என்ன, நம்பர் புழயா?" என்றாள் றுமைஸா.

"நம்பர் சரி."

"அப்ப?"

"பேரு என்ட."

உள்ளறையில் றுமைஸாவின் தங்கச்சி நபீலாவின் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது; அது நின்றது.

இயந்திரம் நின்றதன் காரணம் அந்தக் கரையில் பிறந்தவர்களுக்குத்தான் உடனே விளங்கும். அங்கே வீடு பெண்ணுடையது. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை சூட்கேசோடு பெண் வீட்டுக்கு வருவான். பெட்டியும் அவனும்தான் அவனுடையவை. ஒரு வாப்பாவுக்கு மூன்று மகள் என்றால் மூன்று வீடு கட்டவேண்டும். மூன்றாவதைக் கொடுத்துவிட்டு வாப்பாவும் உம்மாவும் அதே வீட்டின் பின்பக்கக் குசினிக்கு ஒதுங்குவார்கள். மூத்தவள் றுமைஸாவுக்கு வீதிப்பக்க வீட்டைக் கொடுத்துத்தான் முபீனைக் கொண்டுவந்தார்கள். கடலோர வீடு இளையவள் நபீலாவுக்கு. சுனாமி அலை அந்த வீட்டையும் வாப்பா முகம்மது தம்பியையும் ஒரே காலையில் எடுத்துக்கொண்டு போனது. இப்போது நபீலாவுக்கு இருபத்தெட்டு வயது. வீடு வந்தால் பேசிவைத்த அட்டாளைச்சேனை மாப்பிள்ளை வருவார். வீடு வந்துவிட்டது, மச்சான் பெயரில்.

"ஒங்கட பேரு எப்பிடிப் போன?" என்று கேட்டாள் றுமைஸா. அவள் குரலில் கோபத்தைவிடக் கூச்சம்தான் இருந்தது. அக்காவின் புருஷன் தங்கச்சியின் வீட்டை விழுங்கினான் என்ற பேச்சு வீதி முனைக்குப் போக ஒரு அஸர் தொழுகை நேரம் போதும்.

"நான்தான் எழுதின" என்றான் முபீன்.

இரண்டாயிரத்து ஐந்து தை மாதம். அகதிமுகாம் ஒரு பள்ளிக்கூடம். ஐந்தாம் வகுப்பறையில் நாலு சாரியைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார்கள். மறைப்புக்கு அந்தப் பக்கம் இத்தா இருக்கும் பெண்கள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆணின் முன்னே வரமாட்டார்கள். வீடு இல்லை, கதவு இல்லை, மாற்று உடுப்பு இல்லை. இத்தா மட்டும் ஒழுங்காக இருந்தது. இந்தப் பக்கம் தொண்டனாகப் பதிவு எடுத்தவன் முபீன். படிவத்தில் குடும்பத் தலைவர் பெயர் எழுத ஒரு கூடு. அந்தப் பெயரைத்தான் மாலையில் ஒலிபெருக்கியில் கூப்பிட்டு அரிசி கொடுப்பார்கள். இத்தாவில் இருக்கும் பெண்ணின் பெயரை எப்படி அத்தனை ஆண்கள் நடுவில் கூப்பிடுவது? சாரிக்கு வெளியே வந்து யார் பதில் சொன்னார்களோ, மருமகனோ தம்பியோ மாமனாரோ, அவர் பெயரை முபீன் எழுதினான். அரிசிக்குத்தானே. தன் குடும்பத்தை முதலாவதாக எழுதினான். மாமி சாரிக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தார், அவன் தன் பெயரை எழுதினான். அதே கையோடு இன்னும் நாற்பது குடும்பம். வேகமாக எழுதியதற்காக யாரோ அவனுக்கு ஒரு தொப்பியும் தந்தார்கள்.

அரிசிப் பட்டியல் கூடாரப் பட்டியலாகியது. கூடாரப் பட்டியல் வீட்டுப் பட்டியலாகியது. வீட்டுப் பட்டியலைக் கணினிக்குள் போட்டார்கள். இத்தா முடிந்து அந்தப் பெண்கள் வெளியே வந்து நாலு வருடமாகிறது. பட்டியலுக்குள் இருந்து அவர்கள் வெளியே வரவேயில்லை.

"மாத்தலாந்தானே, மச்சான்" என்றாள் நபீலா, கதவு நிலையில் நின்று. கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"மாத்தலாம்" என்றான் முபீன். அவன் பொய் சொல்லும்போது மூக்கைத் தடவுவான். அந்த வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

மாற்றுவதற்குக் கணினியில் ஒரு பக்கம் இருந்தது. குடும்பத் தலைவரை மாற்றக் காரணம் என்ற இடத்தில் அழுத்தினால் மூன்று சொற்கள் இறங்கும்: மரணம், விவாகரத்து, வெளிநாடு. நாலாவதாக ஒன்றும் இல்லை. ஒப்பந்தத்தில் இன்னொரு வரி: உரிமையாளர் வீட்டைப் பத்து வருடத்துக்குத் தன் பிள்ளைகளுக்கன்றி வேறொருவருக்கும் கைமாற்றக் கூடாது. சீதனமாகவும் கூடாது என்று தனியாக எழுதியிருந்தார்கள். யாரோ இந்தக் கரையைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டும்.

முபீன் அந்த மூன்றையும் ஒரு வெள்ளிக்கிழமைப் பகல் சாப்பாட்டில் சொன்னான். தேங்காய்ப்பால் விட்ட பாரைமீன் பாலாணம், கத்தரிக்காய்ப் பொரியல், சோறு. இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டு விளையாடப் போய்விட்டார்கள். அவை இரண்டும் பெண்பிள்ளைகள். அதாவது இன்னும் இரண்டு வீடு. அதைப் பற்றி முபீன் யோசிப்பதில்லை.

"வெளிநாடு போனா?" என்று கேட்டாள் றுமைஸா.

"ஊடு என்ட பேருலயே கிடக்கும். நான் கட்டார்ல இருந்து கையெழுத்து வைக்கணும்."

"மௌத்தானா?"

"ஒங்களுக்கு வரும். நபீலாக்கு இல்ல."

"அப்ப அதுவும் பிரயோசனம் இல்ல" என்றாள் றுமைஸா, மீன் முள்ளை ஒதுக்கியபடி. "மத்தது?"

"மத்ததுல மட்டுந்தான், நான் ஊட்ட உட்டுப் போனா, மிச்சம் இரிக்கிற ஆக்கள்ல மூத்தவங்க பேருக்கு மாறும். மாமிக்கு."

"அப்ப அதச் செய்வம். ஒரு மாசம். பொறகு திரும்ப நிக்காஹ் முடிச்சிக்கிறலாம். எனக்கும் ஒரு புதுச் சாரி கிடைக்கும்."

ஹவ்வா உம்மா சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் மருமகன் முன்னால் அதிகம் கதைப்பதில்லை; கதைத்தால் சுவரைப் பார்த்துத்தான் கதைப்பார். "வாய மூடு புள்ள. அந்தச் சொல்லு வெளயாட்டுக்குச் சொன்னாலும் உழுந்திரும். கம்ப்யூட்டர்ல தட்டினாலும் உழுமா உழாதா எண்டு எந்த மவ்லவிக்கிட்டக் கேக்கிற?"

"கேட்டுப் பாக்கட்டா, மாமி?" என்றான் முபீன்.

"நீங்க தின்னுங்க தம்பி" என்றார் மாமி சுவரிடம். நபீலா சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் அந்த மூன்று சொற்களும் சாப்பாட்டுப் பாயில் அப்படியே கிடந்தன.

அடுத்த கிழமை அட்டாளைச்சேனையிலிருந்து ஜவுபர் ஹாஜியார் வந்தார். மாப்பிள்ளையின் பெரியவாப்பா. மாப்பிள்ளை ஆசிரியர் கலாசாலையில் படிப்பவர், நல்ல பிள்ளை என்று ஊரே சொன்னது. ஹாஜியாரும் கெட்டவர் அல்ல. முகத்துக்கு நேரே கேட்க வெட்கப்பட்டு, கேட்காமல் போகவும் முடியாத மனிதர்.

"ஊடு பாத்தன்" என்றார், தேநீரில் ஒரு மிடறு குடித்து. "நல்ல ஊடு. காத்து வருது. வயல் காத்து."

"ஓம் ஹாஜியார்."

"ஊட்டு உறுதிப்பத்திரம் பொண்ணுட பேருலதானே?"

"வரும் ஹாஜியார்."

"வரும் எண்டா, இன்னும் வரல்லயோ?"

"கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன வேல கிடக்கு."

ஹாஜியார் தலையாட்டினார். "கம்ப்யூட்டர் எண்டா நீங்கதானே அதுக்குப் பெரிய ஆளு. எஸ்தோனியாவெல்லாம் ஒங்கட கையில எண்டு சொன்னாங்க." தேநீர்க்கடை அட்டாளைச்சேனை வரை எட்டியிருந்தது. "நான் கேக்கல்ல தம்பி. பொடியன்ட உம்மா கேக்கிறா. அவட ரெண்டு மகளுக்கும் ஊடு குடுத்துத்தான் மாப்புள்ள எடுத்தவ. நோன்புக்கு முந்திச் செய்யிறண்டு யோசன. நோன்பு பொறந்தா பொறகு பாக்கேலா."

அவர் போன பிறகு நபீலா குவளைகளை எடுத்துக்கொண்டு போனாள். "நோன்புக்கு இன்னும் ஆறு மாசம் கிடக்கு மச்சான்" என்றாள், ஆறுதல் சொல்கிறவள் போல.

தர்சினியும் அவனும் வேலை செய்தது கல்முனை பிரதான வீதியில் ஓர் இரும்புக்கடையின் மேல்மாடி அறையில். கீழே கம்பி வெட்டும் சத்தம். மேலே உலக நாடுகள். பங்குனி கடைசியில் தர்சினி இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவள் காரைதீவிலிருந்து சைக்கிளில் வருபவள், வழியில் ஒரு சோதனைச்சாவடி. அங்கே பையைக் கொட்டிக் காட்டிவிட்டு வருவதால் அவளுடைய தாள்கள் எப்போதும் கசங்கியிருக்கும்.

"முபீன், உங்கட ஊரில ஆம்பிளைகள் ஒருத்தரும் சாகல்லையா?"

"ஏன்?"

"என்ட நூற்றம்பது குடும்பத்தில முப்பத்தெட்டுக்குப் பொம்பிளைதான் தலைவர். எல்லாம் அலையில புருசன் போன ஆக்கள். உங்கட நூற்றம்பதில பூச்சியம். கடல் என்ன ஊர் பார்த்தா வந்தது?"

முபீன் மூக்கைத் தடவினான்.

"மேடம் என்ன எழுதியிருக்கிறா தெரியுமா?" அவள் வரைவு அறிக்கையைத் திருப்பினாள். அதில் இருந்தது இதுதான்: முஸ்லிம் கிராமத்தில் குடும்பத் தலைவர்கள் அனைவரும் ஆண்கள், ஆகவே இவ்வகை ஊர்களுக்குப் புதிய கணினி முறையில் பெண் உரிமையாளருக்குத் தனி ஏற்பாடு அவசியமில்லை. அடியில் டென்மார்க்கோடு ஓர் ஒப்பீடு.

"இது நாடு முழுக்கப் போகப்போகுது" என்றாள் தர்சினி. "நம்மட நூற்றம்பதை வைச்சு எத்தனை ஆயிரம் பேருக்குக் கூடு அடிக்கிறாங்க."

முபீன் சொன்னான். சாரி மறைப்பு, ஒலிபெருக்கி, அரிசி, தொப்பி வரைக்கும். தர்சினி கேட்டுக்கொண்டிருந்தாள். கீழே கம்பி வெட்டுவது நின்று மறுபடி தொடங்கியது.

"எங்கட ஊரிலயும் முப்பத்தொண்டாம் நாள் சடங்கு வரைக்கும் பொம்பிளையள் வெளிய வரல்லதான்" என்றாள். "ஆனா நாங்க பேரைக் கேட்டு எழுதினம். எங்களுக்கு மைக் கிடைக்கல்ல. கிடைச்சிருந்தா நாங்களும் இப்பிடித்தான் செய்திருப்பம்."

"இப்ப என்ன செய்யிற?"

"என்னட்டக் கேக்காதீங்க. சொன்னா உங்களத் தூக்குவாங்க. சொல்லாட்டி உங்கட மச்சிக்குக் கலியாணம் இல்ல. சொன்னாலும் நடக்குமோ தெரியாது." அவள் மேசையில் கிடந்த தொலைபேசியைப் பார்த்தாள். சண்டை நடந்த வன்னியில் இருந்த அவளுடைய அக்காவிடமிருந்து தை மாதத்துக்குப் பிறகு அழைப்பு வரவில்லை. அந்தத் தொலைபேசியை அவள் கழிப்பறைக்கும் கொண்டுபோனாள். "நான் இப்ப எந்தக் கணக்கையும் நம்புறல்ல முபீன். இந்த மாசம் ரேடியோவில சொல்லுற கணக்கையும் சேத்துத்தான்."

சித்திரை முழுவதும் முபீன் அறிக்கையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வயல் பக்கமிருந்து அடுப்பைத் திறந்ததுபோல் வந்தது. தகரக் கூரைக்குக் கீழே நபீலா மற்றவர்களின் கலியாணச் சட்டைகளைத் தைத்தாள். நாலு வருடத்தில் அந்த வீதியில் அவள் தைக்காத மணப்பெண் இல்லை. ஒருநாள் முபீன் தண்ணீர் குடிக்கப் போனபோது அவள் பல்லில் நூலைக் கடித்தபடி சொன்னாள்: "மச்சான், நான் ஒண்டு சொல்லட்டா? நீங்க என்னக் காணுற நேரமெல்லாம் களவெடுத்த ஆள் மாதிரி நடக்கிறீங்க. நான் ஒங்களப் புடிச்சிக் குடுக்கப் போறல்ல."

"நான் எடுத்ததுதானே, புள்ள."

"நீங்க அரிசிதான் எடுத்த. அத நாங்களும் தின்ன."

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை அவன் அடிக்குறிப்பு ஒன்றை எழுதினான். ஏழு வரி. இந்தக் கிராமத்தில் நாற்பத்தொரு குடும்பங்களின் தலைவர்கள் தவறாகப் பதியப்பட்டனர். பதிவு நேரத்தில் அப்பெண்கள் இத்தாவில் இருந்தனர். வெளியே வந்து பதில் சொன்ன ஆணின் பெயரே எழுதப்பட்டது. தலைவரை மாற்றும் காரணங்களில் நாலாவதாக 'ஆரம்பத்திலேயே பிழை' என்று சேர்க்க வேண்டும். அனுப்பிவிட்டு இறங்கியபோது வீதியில் வெடி கொளுத்தினார்கள். யுத்தம் முடிந்துவிட்டதாம். சந்தியில் ஆட்களுக்குப் பாற்சோறு கொடுத்தார்கள். அவனுக்கும் ஒன்று கிடைத்தது. தர்சினி அன்று வேலைக்கு வரவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை.

மேடம் இரண்டாம் நாள் அழைத்தார்.

"முபீன், இது மிக முக்கியமான கண்டுபிடிப்பு. எஸ்தோனியாவில்கூட இப்படியொன்று இல்லை. பதிவு செய்த அந்தத் தொண்டரை நாம் பேட்டி காணலாமா?"

"காணலாம் மேடம். நான்தான்."

"ஓ" என்றார் மேடம். பிறகு, "அப்படியானால் சுயாதீனமாகச் சரிபார்க்க வேண்டும். நீங்கள் அந்த நாளில் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது" என்றார்.

அன்று மாலை அவன் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னான். சரிபார்க்க ஒருவர் வருவார். யார் குடும்பத் தலைவர் என்று கேட்பார். மாமி 'நான்தான்' என்று சொன்னால் போதும்.

"நானா?" என்றார் ஹவ்வா உம்மா.

"ஓம் மாமி. உண்ம அதுதானே."

மாமி மூன்று நாள் அதைப் பழகினார். மீன் கழுவும்போது 'நான்தான்', முக்காட்டைச் சரிசெய்யும்போது 'நான்தான்'. றுமைஸா குசினியிலிருந்து அதிகாரி குரலில் கேட்பாள்: "இந்த ஊட்டுத் தலவர் ஆரு?" மாமி நிமிர்ந்து பதில் சொல்வார். ஒருமுறை சுவரைப் பார்க்காமலே சொன்னார். நாற்பது வருடம் புருஷன் முன்னால் நடக்காத மனுஷிக்கு அந்தச் சொல் வாயில் கொஞ்சம் ருசித்துவிட்டது என்று முபீனுக்குத் தோன்றியது.

ஆனி மாதம், வெயில் ஏறிய ஒரு காலையில் அதிகாரி வந்தார். வயது நாற்பதிருக்கும், மோட்டார் சைக்கிளில் தூசியும் வியர்வையுமாக. முபீனின் குடும்பம் பட்டியலில் முதலாவது. அவனே முதலாவதாக எழுதியதால். அவர் நல்ல மனிதர். தோடம்பழச் சர்பத்தை வாங்கிக் குடித்தார். முபீனை உள்ளறைக்குப் போகச் சொன்னார். முபீன் நபீலாவின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், யாருடையதோ வெள்ளைச் சட்டைத் துணி நடுவே உட்கார்ந்தான்.

"கேள்விக்கு முதல் நான் ஒண்டு வாசிக்கணும்மா. அது விதி" என்றார் அதிகாரி. வாசித்தார். முன்னைய பதிவு உண்மைக்குப் புறம்பானது என்று இன்று நிறுவப்பட்டால், அப்பதிவைச் செய்தவர் தெரிந்தே பொய்த்தகவல் வழங்கியவராகக் கருதப்படுவார். அவருக்கெதிராகச் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும். அவர் குடும்பம் எவ்வித வீட்டுத் திட்டத்துக்கும் தகுதியற்றதாகும்.

"இதெல்லாம் சும்மா எழுதியிருக்கிறதா?" என்று றுமைஸா கேட்பது உள்ளே கேட்டது.

"சும்மா எழுதினா என்னை வாசிக்கச் சொல்ல மாட்டாங்கதானே, தங்கச்சி. போன மாசம் பொத்துவில் பக்கம் ஒருத்தரைப் பொலிசுக்குக் குடுத்தாங்க." அவர் பேனையைத் திறந்தார். "சரி. இந்தக் குடும்பத்தின் தலைவர் யார்?"

மாமி வாயைத் திறக்கவில்லை. முபீன் உள்ளேயிருந்து, சொல்லுங்க மாமி, நான் பாத்துக்கொள்ளுவன் என்று கத்த வாயெடுத்தான். நாக்கு எழவில்லை. எழாததற்குக் காரணம் பயம்தான். அதைப் பிறகு அவன் யாருக்கும் வேறு மாதிரிச் சொன்னதில்லை.

"மச்சான்தான்" என்றாள் நபீலா.

"நீங்க?"

"நான் இளைய மகள். வாப்பா மௌத்தான நாளையிலிருந்து மச்சான்தான் எங்களுக்குத் தலவர். அவர் எழுதினது சரி."

"அம்மா, அப்படியா?"

ஹவ்வா உம்மா சுவரைப் பார்த்திருக்க வேண்டும். குரல் சுவரிடமிருந்து வந்தது. "ஓம். மருமகன்தான்."

மோட்டார் சைக்கிள் கிளம்ப முன்பே நபீலா பின்வேலியில் ஆள் நுழையும் பொட்டால் போய்விட்டாள். பட்டியலிலுள்ள பெரிய றாஹிலா வீட்டுக்கு, அங்கிருந்து சபூறா மாமி வீட்டுக்கு, அவர்கள் தங்கள் வேலியால் அடுத்த வீட்டுக்கு. அதிகாரி வீதி வழியே போனார். செய்தி வேலி வழியே போனது. சபூறா மாமியின் மருமகன் இரண்டு வருடமாக அவருடன் கதைப்பதில்லை, வழக்குப் பேசுகிறான். அவரும் சொன்னார்: "அவன்தான் தலவர். முபீன் தம்பி எழுதினது சரி." அஸருக்கு முன் நாற்பத்தொரு வீடும் முடிந்தது. நாற்பத்தொரு பெண்களும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

முபீன் பொட்டுக்குப் பக்கத்தில் காத்துநின்றான். நபீலா செருப்பில் முள்ளோடு வந்தாள்.

"ஏன் புள்ள இப்பிடிச் செஞ்ச? நான் மேடத்துக்கு எல்லாம் எழுதிட்டன். மறியலுக்குப் போனா ஜெயில்ல ரெண்டு மாசம், மூணு மாசம்தான்."

"றாத்தாக்கு ரெண்டு பொம்புளப் புள்ள" என்றாள் அவள், முள்ளைப் பிடுங்கியபடி. "அதுகளுக்கு ஊடு ஆரு கட்டுற? நீங்க மறியல்ல இருந்து கட்டுவீங்களா?"

"ஹாஜியார்?"

"வேற இடம் பாக்கச் சொல்லி அவருக்கு ஆள் அனுப்பியாச்சி."

மேடத்தின் பதில் ஒரு கிழமையில் வந்தது. சரிபார்ப்பில் பதிவுகள் நூற்றுக்கு நூறு சரியென உறுதியாகியுள்ளது. ஒப்பிட்ட எந்த நாட்டிலும் இவ்வளவு துல்லியம் காணப்படவில்லை. ஆகவே அடிக்குறிப்பு நீக்கப்படுகிறது. சாய்ந்தமருதுப் பதிவு முறையை நாட்டுக்கே முன்மாதிரியாகச் சிபாரிசு செய்கிறோம். முபீனின் மனச்சாட்சியைப் பாராட்டி ஒரு வரி. வேலைப்பளுவால் குழம்பியிருக்கலாம் என்று இன்னொரு வரி. நிரந்தர நியமனம். பின்லாந்தையும் சேர்க்க வேண்டும்.

அட்டாளைச்சேனை மாப்பிள்ளைக்கு நோன்புக்கு முந்தியே நிந்தவூரில் கலியாணம் நடந்தது. பெண்ணின் சட்டையை நபீலாதான் தைத்தாள். கூலியைக் குறைக்கவில்லை.

ஆடியில் சாவி கொடுத்தார்கள். வெயில் வெள்ளையாக அடித்தது. நிரப்பிய மண்ணில் ஒரு மரம்கூட இல்லை. ஹவ்வா உம்மா குர்ஆனைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். றுமைஸாவின் கையில் அரிசியும் உப்பும். நபீலா தையல் இயந்திரத்தின் மேற்பாகத்தை இடுப்பில் வைத்திருந்தாள். இரண்டு பிள்ளைகளும் அதன் மூடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். திட்டத்துக்காரர் படமெடுக்கக் கமராவோடு நின்றார். அறிக்கைக்குப் படம் வேண்டுமாம்.

"உரிமையாளர் முதல்ல உள்ளுக்குப் போகணும்" என்றார். "மத்த ஆக்கள் பின்னால."

முபீன் நகரவில்லை. "மாமி, நீங்க ஏறுங்க" என்றான்.

"படம் பிழைச்சிரும் ஐயா. பட்டியல்ல உள்ள ஆள்தான் வரணும்."

எல்லோரும் வெயிலில் நின்றார்கள். மாமி நிலத்தைப் பார்த்தார். ஒரு மாடு வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனது.

"ஏறுங்க மச்சான்" என்றாள் நபீலா. "மெசினு கனக்குது."

பிஸ்மி சொல்லி வலது காலை வைத்தான். உள்ளே சுண்ணாம்பு வாசனை, சூடு, ஒன்றுமில்லாத தரை. அவன் திரும்பினான். கமரா சொடுக்கியது. ஒன்பது வருடம் முந்தி ஒரு சூட்கேசோடு இந்தக் குடும்பத்தின் வாசலில் அவன் நின்றபோது, மாமி கதவுக்குப் பின்னாலிருந்து, வாங்க மருமகன், என்று அழைத்தார். அன்றிலிருந்து எத்தனை நாள் வெளியே போய் வந்தாலும் அந்தச் சொல் அவனுக்கு முன் வந்து நிற்கும். இப்போது மாமி படிக்குக் கீழே குர்ஆனோடு நின்றார். அழைக்காமல் அடுத்தவர் வீட்டுக்குள் ஏறிப் பழக்கமில்லாதவர். காத்துக்கொண்டிருந்தார்.

சொல்லாவிட்டால் அவர்கள் அந்த வெயிலிலேயே நிற்பார்கள் என்று முபீனுக்கு விளங்கியது.

"வாங்க மாமி" என்றான்.

மாமி சுவரைத் தேடினார். சுவர் அவனுக்குப் பின்னால் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தபடியே படியேறினார்.